மனைவியின் கையெழுத்தும் கடைசி வார இறுதியும்

1

கனடியப் போர் வரலாற்றில் ஏறத்தாழ ஓராண்டு காலம், ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி தன் கையெழுத்தை மறுப்பதன் மூலம் அவன் இராணுவத்தில் சேருவதைத் தடுக்கக்கூடியவளாக இருந்தாள். 1914 ஓகஸ்டில் பிரித்தானியா போரில் இறங்கியதும் கனடாவும் தானாகவே போரில் இறங்கியது. அப்போது கடல்கடந்த படையில் சேர விரும்பிய திருமணமான ஆண் எவனும் மனைவியின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. கியூபெக்கிற்கு அருகே வல்கார்ட்டியே முகாமில் முதலாவது படையணி திரட்டப்பட்டபோது, மனைவி ஆட்சேபித்ததால் முகாமிலிருந்தே வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருந்தனர். 1915 ஓகஸ்டில் இந்த விதி நீக்கப்பட்டது. அதன் பின்னர் எந்தப் போரிலும் அது திரும்பி வரவில்லை.

ரொறொன்ரோவில் வாழும் நாம், இந்த நகரம் தன் ஆண்களைப் போருக்கு வழியனுப்பிய விதத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. நவம்பர் 11இல் செந்நிறப் பொப்பி மலரைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். அல்லது அது வெள்ளையர்களின் போர் என்று சொல்லி விலகிக்கொள்கிறோம். நினைவுத்தூண்களிலே இறந்தவர்களின் பெயர்கள் உள்ளன. அவர்கள் புறப்படுவதற்கு முன்னிருந்த அந்தச் சனியும் ஞாயிறும், அந்த இரண்டு நாட்களில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணும் எந்தத் தூணிலும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டு நாட்களைப் பற்றியது. புறப்படும் படைவீரனுக்கும் அவனுடைய மனைவிக்கும் இடையில் அரசு எவ்வாறு நுழைந்தது, அவளிடம் எதைக் கேட்டது, எப்போது கேட்பதை நிறுத்தியது என்பதை இந்த நகரத்தின் வரலாற்றில் வைத்துப் பார்க்க முயல்கிறேன். அதன் பின்னர் நமது வரலாற்றுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

2

சம்மதம் கேட்பதற்கு முந்திய காலத்தில் திருவுளச்சீட்டுத்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பிரித்தானிய இராணுவத்தில், கட்டளை அதிகாரியின் அனுமதியோடு திருமணம் செய்தவனின் மனைவி மட்டுமே படைப்பிரிவின் பதிவேட்டில் இடம்பெறலாம். படைப்பிரிவு கடல்கடந்து செல்ல உத்தரவு வந்தால் நூறு ஆண்களுக்கு ஏறத்தாழ ஆறு மனைவியர் மட்டும் கூடப்போகலாம். யார் அந்த ஆறு பேர் என்பதைப் பெரும்பாலும் கப்பலேறுவதற்குச் சற்று முன்னரே சீட்டுப்போட்டுத் தீர்மானிப்பார்கள். போகலாம் என்ற சீட்டை எடுத்தவள் அரை ரேசனுக்குத் துணி துவைத்துக்கொண்டு படையோடு போனாள். போகக்கூடாது என்ற சீட்டை எடுத்தவள் துறைமுகத்திலேயே குழந்தையுடன் விடப்பட்டாள்.

ரொறொன்ரோவின் மேற்குக் கரையில், இன்று கார்டினர் விரைவுச்சாலையின் நிழலில் கிடக்கும் யோர்க் கோட்டையில் வாழ்ந்த படைவீரர் மனைவியர் முதலாவது சீட்டை எடுத்தவர்களின் வகையைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தனி வீடு இல்லை. பல ஆண்கள் படுத்துறங்கும் மண்டபத்தின் ஒரு மூலையில், கம்பளியைத் தொங்கவிட்டு மறைத்துக் குடும்பம் நடத்தினார்கள். நகரத்தின் பிறப்பிடம் என்று காட்டப்படும் அந்தக் கோட்டைக்குப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள். 1813இல் வெடித்த வெடிமருந்துக் கிடங்கைப் பற்றிக் கேட்பதைப்போல அந்தக் கம்பளித் திரையைப் பற்றியும் அவர்கள் கேட்கவேண்டும்.

இதே காலத்தில் தமிழ்ப் பிரதேசத்திலும் இதற்கு இணையான ஏற்பாடு ஒன்று இருந்ததைக் கவனிக்கலாம். மதராஸ் இராணுவத்தின் சிப்பாய்கள் தம் குடும்பங்களைப் படைக்குடியிருப்பிலேயே வைத்து வாழ்ந்தவர்கள். 1824இல் பர்மாவுடன் போர் மூண்டபோது மதராஸ் படைப்பிரிவுகள் கடல்மார்க்கமாக ரங்கூனுக்கு அனுப்பப்பட்டன. கூடப்போக முடியாத குடும்பங்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுப் போகும் முறை அந்த இராணுவத்தில் இருந்தது. பின்னர் கனடாவில் நாம் காணப்போகும் மாதாந்தப் பணத்தின் பழைய வடிவம் இது. இரண்டு இடத்திலும் மனைவி ஒரு செலவுக் கணக்காகத்தான் அரசின் பார்வைக்கு வந்தாள். அவளுடைய விருப்பத்தை யாரும் விசாரித்ததில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1914ஆம் ஆண்டு விதியைப் பார்க்கவேண்டும். அது பெண்ணுரிமை குறித்த அக்கறையில் பிறந்ததல்ல. உழைக்கும் ஆண் போய்விட்டால் குடும்பம் பொதுச் செலவில் விழுந்துவிடும் என்ற அச்சமே அதன் அடிப்படை. தேவைக்கு மேல் ஆட்கள் வரிசையில் நின்ற முதல் மாதங்களில் அரசுக்கு அது வசதியான விதியாகவும் இருந்தது. ஆயினும், எந்த நோக்கத்தில் கொடுக்கப்பட்டாலும், அந்தக் கடதாசியில் ஒரு பெண்ணின் மறுப்புக்கு இடம் இருந்தது. அரசுகள் தவறுதலாகக் கொடுத்துவிடும் உரிமைகள் வரலாற்றில் உண்டு. அவற்றைத் திரும்பப் பறிக்கும்போதுதான் அவை எவ்வளவு பெறுமதியானவை என்பது தெரியவருகிறது.

அந்தக் கையெழுத்துச் சுதந்திரமாக இடப்பட்டதா என்று கேட்டால், பல வீடுகளில் இல்லை என்றே சொல்லவேண்டும். 1913இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவில் ரொறொன்ரோவில் வேலையின்மை கடுமையாக இருந்தது. கனடிய படைவீரனுக்கு நாளொன்றுக்கு ஒரு டொலரும், களப்படியாகப் பத்துச் சதமும் கிடைத்தன. மனைவிக்குப் பிரிவுப் படியாக மாதம் 20 டொலர் வந்தது. குளிர்காலம் வருமுன் வேலையற்ற கணவனைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி இட்ட கையெழுத்தை நாட்டுப்பற்று என்று எழுதிவிடுவது எளிது.

3

முதலாவது படையணியில் மூன்றில் இரண்டு பங்கினர் பிரித்தானியாவில் பிறந்தவர்கள். இந்தத் தகவல் நமக்கு முக்கியமானது. நகரின் வடமேற்கிலே சென்ற் கிளெயர் வீதியும் டவ்வரின் வீதியும் சந்திக்கும் ஏர்ல்ஸ்கோர்ட் பகுதியில், பலகையாலும் தார்க்கடதாசியாலும் தாமே கட்டிய குடிசைகளில் பிரித்தானியக் குடியேறிகள் வாழ்ந்தனர். படையில் பெருந்தொகையாகச் சேர்ந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. அங்கே தனித்து விடப்பட்ட மனைவி, வந்து சில ஆண்டுகளே ஆன குடியேறி. தாய் தகப்பன், சகோதரம் யாவரும் கடலுக்கு அப்பால். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு மாமியில்லை, மச்சாள் இல்லை. ஸ்காபரோவின் அடுக்குமாடியில் கணவனை இரவு வேலைக்கு அனுப்பிவிட்டுக் கைக்குழந்தையோடு இருந்த நம்முடைய பெண்களுக்கு அவளுடைய தனிமையை விளக்கவேண்டியதில்லை.

புறப்பாட்டுக்கு முந்திய சந்திப்புகள் நடந்த பிரதான இடம் ஏரிக்கரைக் கண்காட்சி மைதானம். ஓகஸ்ட் மாதக் கடைசியில் நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இராட்டினம் பார்க்கப் போகும் அதே மைதானம்தான். 1914 நவம்பரில் 19ஆம், 20ஆம் பற்றாலியன்கள் அங்கே திரட்டப்பட்டன. கோடையில் கண்காட்சிக்குக் கால்நடைகளைக் கட்டும் கட்டடங்களும் குளிர்காலத்தில் படைவீரர்களின் தங்குமிடங்களாயின. அந்த இரு பற்றாலியன்களும் 1915 மே நடுப்பகுதியில் கப்பலேறின. அதாவது நவம்பர் முதல் மே வரை, ஏறத்தாழ ஆறு மாதம், கணவன் அதே நகரத்தில் இருந்தான். ஆனால் வீட்டில் இல்லை.

அந்த ஆறு மாதத்தின் சந்திப்புகளுக்கு எவ்வளவு நேரம் இருந்தது? வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சனிக்கிழமை அரை நாளும் ஞாயிறும் மட்டுமே மிச்சம். அக்காலத்து ரொறொன்ரோவின் ஞாயிற்றுக்கிழமை நாம் அறிந்த ஞாயிறு அல்ல. 1906இல் இயற்றப்பட்ட கர்த்தரின் நாள் சட்டத்தின்படி கடைகளும் நாடகக் கொட்டகைகளும் மூடியிருந்தன. ஞாயிறில் ஸ்ரீற்கார் ஓடலாமா என்பதற்கே இந்த நகரம் வாக்கெடுப்பு நடத்தி, 1897இல்தான் ஆம் என்று ஒப்புக்கொண்டது. அந்த வாக்கெடுப்பில் தோற்றிருந்தால் ஏர்ல்ஸ்கோர்ட்டிலிருந்து கண்காட்சி மைதானத்திற்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியிருந்திருக்கும். ஸ்ரீற்காரில் வந்து இறங்கினாலும் இருவரும் போய் உட்கார இடமில்லை. தேவாலயம் உண்டு, பூங்கா உண்டு, ஏரிக்கரை உண்டு. வெளியே போக அனுமதிச்சீட்டுக் கிடைத்த கணவன் வீட்டுக்கு வந்தால் அந்த ஒற்றை அறையில் பிள்ளைகளும் இருப்பார்கள். பெப்ரவரி மாத ஏரிக்காற்றில், சீருடைக் கம்பளிக் கோட்டோடு ஒருவனும் சால்வையோடு ஒருத்தியும் நடந்துகொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் பிற்காலம் நெகிழ்ச்சியான விடைபெறுதல் என்று வண்ணம் தீட்டி வைத்திருக்கிறது.

1916 யூலையில் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்தில் போர்டன் முகாம் திறக்கப்பட்டபின் நிலைமை மாறியது. ஸ்ரீற்காரில் போய் வந்த சந்திப்பு புகையிரதப் பயணமாயிற்று. பணமும் நேரமும் இருந்தவள் போனாள், மற்றவள் கடைசி விடுப்புக்காகக் காத்திருந்தாள்.

அந்த மைதானத்திலே இன்னொரு கூட்டத்தையும் காண்கிறேன். மைதானத்தின் உள்ளே 1840-41இல் கட்டப்பட்ட ஸ்ரான்லி படைக்குடியிருப்பு இருக்கிறது. அதிகாரிகளின் கட்டடம் ஒன்றே இன்று எஞ்சியுள்ளது. அருகில் ஆடம்பர விடுதியொன்று எழுந்து நிற்கிறது. 1914 டிசெம்பரிலிருந்து 1916 ஒக்ரோபர் வரை அந்தக் குடியிருப்பு, ‘எதிரி நாட்டு அந்நியர்’ எனப் பெயரிடப்பட்டவர்களைப் பிடித்து வைத்து வேறு முகாம்களுக்கு அனுப்பும் இடமாகப் பயன்பட்டது. கனடா முழுவதும் இவ்வாறு அடைக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலிருந்து வந்த உக்ரேனியத் தொழிலாளர்கள். ஒரே மைதானத்தின் ஒரு பக்கத்தில் பிரான்சுக்குப் போகும் கணவன். மறுபக்கத்தில் காட்டு முகாமுக்குப் போகும் கணவன். முதலாமவனின் மனைவியிடம் சம்மதம் கேட்கப்பட்டது. இரண்டாமவனின் மனைவியிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. குடியேறிகளில் யார் நம்பத்தக்கவர் என்பதை அரசு ஒரே நாளில் மாற்றி எழுதும் என்பதை நாம் வேறு ஆண்டுகளில் வேறு முகாம்களில் கண்டோம்.

4

1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் கனடியர்கள் நச்சுவாயுத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். ஆட்கள் மேலும் மேலும் தேவைப்பட்டனர். அந்தக் கோடையில் சேர்க்கைக்கான உடற்தகுதி தளர்த்தப்பட்டது. ஓகஸ்டில் மனைவியின் சம்மதம் தேவையில்லை என்றாயிற்று. உயரக் குறைவும் மனைவியின் மறுப்பும் ஒரே கோடையில், ஒரே வகையான தடைகளாகக் கருதப்பட்டு அகற்றப்பட்டன.

அதற்குப் பதிலாக அவளுக்கு மூன்று விடயங்கள் கிடைத்தன.

முதலாவது பணம். பிரிவுப் படியோடு கணவனின் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியும் வந்தது. போதாத குடும்பங்களுக்கு நாட்டுப்பற்று நிதியம் உதவியது. ரொறொன்ரோவிலும் யோர்க் மாவட்டத்திலும் இதற்கெனத் தனிச் சங்கம் இயங்கியது. ரொறொன்ரோ நகரசபை, படையில் சேர்ந்த தன் குடிமக்களின் உயிருக்கு 1,000 டொலர் காப்புறுதியும் வழங்கியது. ஆனால் நிதியத்தின் பணம் உரிமையாகக் கொடுக்கப்படவில்லை, தருமமாகவே கொடுக்கப்பட்டது. வசதியான வீட்டுப் பெண்கள் விசாரணையாளர்களாகக் குடிசைகளுக்கு வந்தார்கள். வீடு துப்புரவாக இருக்கிறதா, பணம் எதில் செலவாகிறது, வந்துபோகும் ஆண்கள் யார் என்றெல்லாம் பார்த்தார்கள். நடத்தை சரியில்லை என்று கண்டால் உதவி நிறுத்தப்படலாம். கணவன் அவளைச் சந்திக்க ஒன்றரை நாள்தான் இருந்தது. அரசின் மனச்சாட்சி அவளைச் சந்திக்க ஆண்டு முழுவதும் இருந்தது. பணத்துக்காகக் காத்திருக்கும் பெண்ணின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் உரிமை பணம் கொடுப்பவர்களுக்கு உண்டு என்ற நினைப்பு நம் ஊரில் மட்டும் பிறந்ததல்ல.

இரண்டாவது, கடைசி விடுப்பு. கப்பலேறுமுன் வீட்டுக்குப் போய்வரச் சில நாட்கள். இதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் சம்மதமும் விடுப்பும் ஒன்றல்ல. சம்மதம் கேட்கும்போது அவள் முடிவெடுப்பவள். விடுப்புக் கொடுக்கும்போது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அவளுக்கு அழுவதற்கான நேரம் ஒதுக்கப்படுகிறது.

மூன்றாவது, வாக்குரிமை. இதுதான் மிகவும் நுட்பமானது. 1917இல் கட்டாய ஆட்சேர்ப்பைத் தேர்தலில் வெல்லவைக்க வேண்டியிருந்தபோது பிரதமர் ரொபேர்ட் போர்டனின் அரசு, போர்க்காலத் தேர்தல் சட்டத்தை நிறைவேற்றியது. கடல்கடந்த படையில் இருப்பவர்களின் மனைவி, விதவை, தாய், சகோதரி, மகள் ஆகியோர் முதன்முறையாக மத்திய தேர்தலில் வாக்களிக்கலாம். அதே சட்டம், 1902 மார்ச்சுக்குப் பின்னர் குடியுரிமை பெற்ற, எதிரி நாடுகளில் பிறந்தவர்களின் வாக்கைப் பறித்தது. 1917 டிசெம்பர் 17இல் போர்டன் வென்றார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1914இல் அவளிடம் கேட்கப்பட்டது, உன் கணவன் போகலாமா என்பது. 1917இல் கேட்கப்பட்டது, அவனுக்குத் துணையாக மற்றவர்களின் கணவன்மாரும் பிள்ளைகளும் அனுப்பப்படலாமா என்பது. தன் வீட்டாளைத் தடுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டாளை அனுப்பும் உரிமையைக் கொடுத்தார்கள். பெண்கள் வாக்குரிமை வரலாற்றில் இது ஒரு வெற்றியாகவும் எழுதப்படுகிறது. வெற்றிதான், ஆனால் அதன் விலைச்சீட்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். இதற்கிடையில், கனடியப் பெண்களை நேரடியாக விளித்து, ஆண்களைப் படைக்கு அனுப்பும்படி கேட்கும் சுவரொட்டிகளும் நகரச் சுவர்களில் ஏறியிருந்தன. சம்மதம் கேட்கப்பட்டவள் இப்போது ஆள் சேர்ப்பவளாக மாற்றப்பட்டாள்.

5

இரண்டாம் உலகப்போரில் இந்த ஏற்பாடுகள் யாவும் இன்னும் ஒழுங்காக்கப்பட்டன. படைவீரனுக்கு நாளொன்றுக்கு 1.30 டொலர், மனைவிக்கு மாதம் 35 டொலரும், அவன் சம்பளத்திலிருந்து ஒதுக்கிய 20 டொலரும். சம்மதக் கடதாசி என்ற பேச்சே எழவில்லை.

ஆயினும் அந்தப் போரில் ஒரு விசித்திரமான வார இறுதி உண்டு. 1940 கோடையில் உள்நாட்டுப் பாதுகாப்புக்காக மணமாகாத ஆண்களைக் கட்டாயமாக அழைக்கும் சட்டம் வந்தது. யூலை 15ஆம் திகதிக்குள் திருமணம் செய்யாதவர்கள் மணமாகாதவர்களாகவே கணிக்கப்படுவார்கள் என்று அறிவிக்கப்பட்டது. அந்த நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய சனி ஞாயிறில் நாடெங்கும் தேவாலய வாசல்களில் மணமக்கள் வரிசையில் நின்றார்கள். மனைவியின் கையெழுத்து ஒரு காலத்தில் ஆணைத் தடுத்தது. இப்போது மனைவி என்ற ஒருத்தி இருப்பதே தடையாகப் பயன்பட்டது. இந்த வார இறுதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். வன்னிக்கு வரும்போது அது தேவைப்படும்.

கடைசி விடுப்பு எவ்வளவு காலத்துக்குப் போதவேண்டியிருந்தது என்பதற்கு ரொறொன்ரோவின் இரண்டு படைப்பிரிவுகளே சாட்சி. 48ஆவது ஹைலாண்டர்ஸ், முதலாவது கனடிய டிவிசனோடு 1939 டிசெம்பரில் கடல் கடந்தது. ரொறொன்ரோவுக்குத் திரும்பியது 1945இல். இடையில் ஊருக்கு வந்துபோகும் வழக்கமான விடுப்பு இல்லை. நீண்டகாலம் சேவை செய்தவர்களில் சிலருக்குப் போரின் கடைசிக் கட்டத்திலேயே அது கிடைத்தது. ஒரு வார இறுதியை வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தாம்பத்தியம் நடத்தவேண்டும். றோயல் றெஜிமென்ற் ஒஃப் கனடா 1940 யூனில் ஐஸ்லாந்துக்குப் புறப்பட்டது. 1942 ஓகஸ்ட் 19இல் டியெப் தாக்குதலின்போது பிரான்சின் புயீ கடற்கரையில் இறங்கிய அதன் 500க்கும் மேற்பட்டவர்களில் 200க்கும் மேற்பட்டோர் ஒரே காலையில் இறந்தனர். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் சிறைப்பட்டனர். ஒரே நகரின், பக்கத்துப் பக்கத்து வீதிகளின் கதவுகளைத் தந்திச் சேவகன் தட்டிய கிழமை அது.

இந்தப் போரின் மிகப் புகழ்பெற்ற கனடியப் புகைப்படம் ரொறொன்ரோவில் எடுக்கப்பட்டதல்ல. 1940 ஒக்ரோபர் 1இல் பசிபிக் கரையிலுள்ள நியூ வெஸ்ற்மின்ஸ்ரரில் குளோட் டெட்லோஃப் எடுத்தது. அணிவகுத்துப் போகும் தகப்பனை நோக்கிக் கையை நீட்டியபடி ஒரு சிறுவன் ஓடுகிறான். அரசு அந்தப் படத்தைப் போர்க்கடன் பத்திரப் பிரசாரத்திற்குப் பயன்படுத்தியது. 2014இல் அதற்குச் சிலையும் எழுந்தது. பார்க்கிறவர்கள் சிறுவனையே பார்க்கிறார்கள். அவனுக்குப் பின்னால் கையை நீட்டியபடி தாய் நிற்கிறாள். தகப்பன் உயிரோடு திரும்பினான். ஆனால் அதற்குள் அந்தத் திருமணம் முறிந்திருந்தது. போர்க்கடன் பத்திரம் விற்ற படத்தில் இந்தச் செய்திக்கு இடமிருக்கவில்லை.

போர் முடிந்தபின் ரொறொன்ரோவில் வீட்டுப் பஞ்சம் வந்தபோது, நான் முன்னே சொன்ன ஸ்ரான்லி படைக்குடியிருப்பு வீடற்ற குடும்பங்களின் அவசரத் தங்குமிடமாகியது. யோர்க் கோட்டையில் கம்பளித் திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்ணின் வழித்தோன்றல்கள், நூற்றிமுப்பது ஆண்டுகளின் பின்னர், ஒரு மைல் மேற்கே மறுபடியும் படைக்குடியிருப்பில் குடும்பம் நடத்தினார்கள்.

6

இனி நமது பக்கம்.

1983 யூலைக்குப் பின்னர் வடகரையிலிருந்து படகேறி இந்தியாவுக்குப் பயிற்சிக்குப் போன இளைஞர்களில் பெரும்பாலானோர் வீட்டில் சொல்லாமற் போனார்கள். எந்த இயக்கமாயிருந்தாலும் இதுதான் வழக்கம். இரகசியம் தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்லாமற் போவது நாளடைவில் ஒரு பண்பாடாகவே மாறியது. அம்மாவிடம் சொன்னால் அழுவா, அக்காவிடம் சொன்னால் தடுப்பா என்பதால் சொல்லாமற் போனவனே துணிந்தவன் ஆனான். ரொறொன்ரோவின் தொழிலாளிக்கு ஓராண்டு காலம் இருந்த அந்தக் கடதாசி நமக்கு ஒரு நாளும் இருக்கவில்லை.

அந்த இடத்தை நிரப்ப நமக்குச் சங்க இலக்கியம் கிடைத்தது. தகப்பனையும் கணவனையும் போரில் இழந்தபின் ஒரே மகனையும் களத்திற்கு அனுப்பும் ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுத் தாய், நமது மேடைகளில் ஓயாது அழைத்துவரப்பட்டாள். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாடல் ஒன்று, கனடியச் சுவரொட்டி செய்த வேலையைச் செய்தது. அந்தப் பாடலின் தொனியில் வியப்பும் இருக்கிறது, நடுக்கமும் இருக்கிறது. மேடையில் வியப்பு மட்டுமே வாசிக்கப்பட்டது.

மறுத்த பெண்களும் நமக்கு இருந்தார்கள். 1984இல் இராணுவம் இளைஞர்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்துச் சென்றபோது யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி வீதிக்கு வந்தது. 1986இல் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த வேளையில், கிழக்கில் பெண்கள் உலக்கைகளோடு குறுக்கே நின்றதை ‘முறிந்த பனை’யில் ரஜனி திராணகம பதிவுசெய்திருக்கிறார். ஆனால் இந்த மறுப்புகளைப் புறநானூற்றுத் தாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் மரபு நமக்கு உருவாகவில்லை.

1987இல் இந்திய அமைதிப்படை வந்தது. அந்த ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் பட்ட பாடு நமக்குத் தெரியும். மருத்துவமனைக்குள் நடந்த கொலைகளை நாம் மறக்கவும் முடியாது, மன்னிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒக்ரோபர் 11 இரவு யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கப்பட்டு, ஒருவர் தவிர அனைவரும் இறந்த அந்த 30 சீக்கியப் படைவீரர்களின் வீடுகளில் எந்தக் கடைசி விடுப்பு நடந்தது? அமைதி காக்கப் போகிறோம் என்று சொல்லிப் போனவர்களுக்குக் கடைசி என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்தனர். 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியபோது தமிழகத்தின் முதல்வர் மு. கருணாநிதி வரவேற்பதற்குப் போகவில்லை. அந்த மறுப்பில் அன்று நாம் மகிழ்ந்தோம். அதற்கு நமக்குக் காரணம் இருந்தது. என் கேள்வி வேறு. போகும்போதும் வரும்போதும் எதுவும் கேட்கப்படாத அந்தப் பெண்களின் துயரத்தை ஏற்றுக்கொள்வது, நமக்கு நடந்த அநியாயத்தை ஒரு அணுவேனும் குறைத்துவிடுமா? குறைக்காது என்பதே என் நிலைப்பாடு.

கடைசியாக வன்னி. 2006க்குப் பின்னர் வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாய ஆட்சேர்ப்பு வந்தபோது, பெற்றோர் செய்த முதற்காரியம் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசியது. பதினாறு, பதினேழு வயதிலே தாலி ஏறியது. மணமானவரை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. பின்னர் அந்த நம்பிக்கையும் பொய்த்தது. 1940 யூலையின் அந்தக் கனடிய வார இறுதியும் இதுவும் ஒரே தர்க்கத்தின் இரு முகங்கள். அதிகாரம் மனிதரின் மறுப்பைக் கேட்க மறுக்கும்போது, மறுப்பு திருமணப் பதிவேட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. வேறுபாடு ஒன்றுண்டு. 1940இன் மணமகன் ஒன்ராறியோவில் வேலைக்குத் திரும்பினான். வன்னியின் மணப்பெண்ணில் எத்தனை பேர் முள்ளிவாய்க்காலுக்குப் பின் கணவனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்! 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரப் பந்தல்களில் உட்கார்ந்த பெண்கள் கேட்பது ஒரு பதில். விடைபெறவும் இல்லாமல், இறப்புச் செய்தியும் இல்லாமல் இருப்பவர்களுக்குத் தந்தி கொண்டுவரும் சேவகன் கூட இல்லை.

7

ரொறொன்ரோவில் இரண்டு நெடுஞ்சாலைகள் இதைச் சொல்கின்றன. ஒன்று 401. ஆப்கானிஸ்தானில் 2002 முதல் 2014 வரை 158 கனடியப் படையினர் உயிரிழந்தனர். ட்ரென்ரன் விமானத்தளத்தில் இறக்கப்பட்ட உடல்கள் இந்தச் சாலை வழியாகவே ரொறொன்ரோவின் மரண விசாரணை அதிகாரியின் நிலையத்திற்குக் கொண்டுவரப்பட்டன. மக்கள் தாமாகவே மேம்பாலங்களில் கொடிகளுடன் கூடினர். 2007இல் சாலைக்கு வீரர்களின் நெடுஞ்சாலை என்று பெயர் வந்தது. 1991 முதல் இயங்கும் இராணுவக் குடும்ப உதவித் திட்டமும் உண்டு. போருக்கு முன்னும் பின்னும் மனைவிக்கோ கணவனுக்கோ ஆலோசனை கிடைக்கிறது. வசதிகள் கூடியிருக்கின்றன. சம்மதம் மட்டும் திரும்பி வரவில்லை.

மற்றையது கார்டினர். 2009 மே 10, ஞாயிறு, அன்னையர் தினம். வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது, தள்ளுவண்டிகளில் குழந்தைகளை வைத்துக்கொண்டு நம் பெண்கள் அந்த விரைவுச்சாலையை மறித்தார்கள். அந்த மேம்பாலங்களில் நின்றவர்கள் மரியாதைக்குரியவர்களாகவும், இந்தச் சாலையில் இருந்தவர்கள் தொல்லை கொடுப்பவர்களாகவும் பத்திரிகைகளில் எழுதப்பட்டார்கள். இரண்டு கூட்டத்தினரும் தம் ஆட்களைப் பற்றித் தம்மிடம் கேட்கப்படவில்லை என்பதைத்தான் சொன்னார்கள். முதலாவது கூட்டம் அதை மௌனமாகச் சொன்னது. இரண்டாவது கூட்டம் சத்தமாகச் சொன்னது.

இன்று நமது அடுத்த தலைமுறையினரும் கனடியப் படையில் சேருகிறார்கள். நாளை ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பெண்ணோ ஆணோ துணையைக் கடல்கடந்த பணிக்கு அனுப்பும் முன் இரண்டு நாள் சமைத்துப் போட்டு, பெட்டி அடுக்கிக் கொடுக்கும் நிலை வரும். அந்த வீட்டுக்கு நாம் எந்த வரலாற்றைக் கொடுக்கப் போகிறோம்? புறநானூற்றுத் தாயை மட்டுமா? உலக்கையோடு நின்ற பெண்ணையும், கையெழுத்திட மறுத்த ஏர்ல்ஸ்கோர்ட் குடியேறியையும் சேர்த்தா?

விடுதலைப் போராட்டத்தையும் பேரரசின் போரையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நோக்கங்கள் வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் எந்த நோக்கமும், அதற்காக மிகவும் இழக்கப்போகிறவளிடம் முதலில் கேட்கும் கடமையிலிருந்து விடுபட்டதல்ல என்பது என் வாதம். நியாயமான போருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு கூடுதலாக இருந்திருக்கவேண்டும். இல்லை என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களில் எழுதட்டும். சொல்லாமற் போனவர்களின் வீடுகளில் அந்தக் கடைசிச் சனி ஞாயிறு எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், அதையும் எழுதவேண்டும்.